கள்ளுக்கடையும் விற்பனை வரியும்



வணிகவரித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவனை நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கே கொஞ்சம் யோசித்துத்தான் அழைப்பார்கள். வன்னியம்பட்டிக்காரர்கள் மேடை போட்டு மாலையும் போட்டு ஒரு மணி நேரம் பேசு என்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மையைச் சோதிக்க மாட்டேன். முன்னதாகவே முடித்துக்கொள்கிறேன்.

யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை நடக்கிறதோ, அவருடைய பெயரைச் சொல்லிப் புகழ வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கள்ளைத் தொட்டதில்லை, கணக்கில் காலணா பிசகினாலும் அன்றிரவு தூங்கியதில்லை. இந்த இரண்டும் தெரிந்தால் அவரைத் தெரிந்த மாதிரிதான். அவருக்குப் பிடித்த இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

அமைப்பாளர்கள் கொடுத்த தலைப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த அரசியல், சமூகச் சீர்திருத்தங்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சீர்திருத்தம் நமக்கு எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சொல்கிறேன் ஐயா, நேற்று நீங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட பில்லில் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது.

1900க்கும் 1920க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே ஒட்டடை அடித்தார்கள். சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசிங்கத்தை அப்டன் சின்க்ளேர் நாவலாக எழுத, அதே 1906இல் உணவு, மருந்துக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. நூற்பாலைகளில் வேலை செய்த குழந்தைகளை லூயிஸ் ஹைன் என்பவர் படம் பிடித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். 1916இல் குழந்தைத் தொழிலுக்கு எதிராக மத்திய அரசு சட்டம் போட்டது. இரண்டே வருடத்தில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுபடி அப்படி ஒரு சட்டம் நிலைக்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தீயைத் தெருவில் நின்று பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி பின்னாளில் அந்த நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1913இல் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை 1920இல். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு அந்த உரிமை 1921இல் கிடைத்தது என்பதை இங்கேயே ஒரு பெருமைக்குச் சொல்லிவைக்கிறேன். சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்றாலும் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் நாம்தான் முதல்.

இவ்வளவையும் ஒரே பத்தியில் ஓட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு முழுநாள் பேச்சுக்கு ஆகும். எனக்குத் தெரிந்தது வரி. அதனால் வரியோடு ஒட்டிய சீர்திருத்தம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மதுவிலக்கு.

அமெரிக்காவில் மதுவிலக்கைக் கேட்டு முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பெண்கள். சம்பளத்தைக் குடித்துவிட்டு வருகிற புருஷனிடம் அடிபட்டவர்கள், அல்லது அடிபட்டவர்களின் அக்காள் தங்கைகள். கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தை 1874இல் தொடங்கினார்கள். கான்சாஸ் மாநிலத்தில் கேரி நேஷன் என்ற அம்மையார் கைக்கோடரியோடு சாராயக் கடைகளுக்குள் புகுந்து பாட்டில்களை நொறுக்கினார். இந்தக் கோடரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் கோடரி ஒன்று ஞாபகம் வரும். 1921இல் கள்ளுக்கு எதிரான போராட்டத்தில் சேலம் பக்கம் தாதம்பட்டியில் தன் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் பெரியார். அந்த அம்மையாரின் கோடரி அடுத்தவன் கடையில் விழுந்தது, இவருடையது சொந்தத் தோப்பில். ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியலில் நின்றார்கள்.

கோடரியால் கடை உடையும், சட்டம் வராது. அந்த வேலையைச் செய்தது சாராயக் கடை எதிர்ப்புக் கழகம் என்ற ஓர் அமைப்பு. 1893இல் ஒஹாயோவில் தொடங்கியது. அதன் தலைவர்களில் முக்கியமான வேய்ன் வீலருக்கு ஒரே கணக்குத்தான். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மதுவுக்கு எதிராகக் கை தூக்குகிறவனுக்கு ஓட்டு. தூக்காதவனைத் தோற்கடி. அவன் வீட்டில் குடிக்கிறானா என்று அவர் கேட்டதே இல்லை.

ஆனால் அவர்கள் முன்னால் ஒரு சுவர் நின்றது. அது காசு. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1862இல், போட்ட மது வரி போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1900களின் தொடக்கத்தில் வாஷிங்டன் அரசின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது. கடையை மூடினால் அரசாங்கம் எதைத் தின்னும்? பதில் வருமான வரி. ஆனால் வருமான வரிச் சட்டத்தை 1895இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியிருந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தினால்தான் முடியும். 1913 பிப்ரவரியில் அந்தத் திருத்தம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் மதுவிலக்குக்காரர்கள் வாஷிங்டனுக்கு ஊர்வலமாகப் போய், நாடு முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மாற்று வருமானம் வந்து பத்து மாதத்தில் பெரிய கோரிக்கை வந்தது. நான் அதிகாரியாக இருந்தவன், இதைத் தற்செயல் என்று நம்ப மாட்டேன்.

இங்கே நம் ஊருக்கு ஒரு பாலம் கிடக்கிறது. வருமான வரிக்காக வாதாடிய அறிஞர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செலிக்மன். 1913இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அவரிடம் படித்த இந்திய மாணவர் அம்பேத்கர். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி எப்படி வளர்ந்தது என்று அம்பேத்கர் எழுதிய நூல் 1925இல் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் இதே செலிக்மன். எந்த வரி போனால் எந்த வரி வரவேண்டும் என்ற கணக்கை அம்பேத்கர் அங்கே கற்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கத்தில் அவர் மறுபடி வருவார்.

1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. பிறகு நடந்ததைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கள்ளச்சாராயம், கொள்ளைக் கூட்டம், துப்பாக்கி. நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயங்கள். டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைக்கும் என்று சட்டத்தில் ஓட்டை இருந்தது, நோயாளிகள் பெருகினார்கள். ஜமைக்கா இஞ்சிச் சாறு என்று ஒரு மருந்து, அதில் சாராயம் உண்டு என்பதற்காகவே விற்றது. 1930இல் அதில் ஒரு ரசாயனத்தைக் கலந்துவிட, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கால் விளங்காமல் போயிற்று. மதுவிலக்குக் காலத்தில் இங்கே டிங்க்சரையும் வார்னிஷையும் குடித்து விழுந்தவர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போயிற்று, வருமானம் போயிற்று, வருமான வரியும் வற்றியது. மதுவிலக்கைத் தாங்கி நின்ற தூணே ஆட்டம் கண்டது. பியர் டூபான்ட் போன்ற பெரும் பணக்காரர்கள் மதுவிலக்கை நீக்கும் இயக்கத்துக்குக் கை நிறையப் பணம் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? மது வரி திரும்பி வந்தால் வருமான வரி ஒழியும் அல்லது குறையும் என்ற நம்பிக்கை. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு நீங்கியது. மது வரி திரும்பி வந்தது. வருமான வரி? அது எங்கும் போகவில்லை. இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. வரி என்பது வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. வந்த காரியம் முடிந்தாலும் புறப்பட மாட்டார்.

இனி நம் பக்கம்.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர்க் கள்ளுக்கடைகள் வருடா வருடம் ஏலம் போகும். 1886இல் வந்த அப்காரிச் சட்டத்தின்படி, அதாவது மது வரிச் சட்டத்தின்படி, மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். யார் அதிகம் கேட்கிறானோ அவனுக்குக் கடை. அதிகம் கொடுத்து எடுத்தவன் அதிகம் விற்றால்தான் பிழைப்பான். 1930களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த அப்காரிப் பணம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்தக் கஜானாவிலிருந்துதான் நடந்தன.

அமெரிக்க மதுவிலக்குச் செய்தி தமிழ்நாட்டுக்கு வந்து சேராமல் இல்லை. 'பூனைப்பாதம்' என்று பட்டப்பெயர் கொண்ட ஜான்சன் என்ற அமெரிக்கப் பிரசாரகர் 1921இல் இந்தியாவுக்கே வந்து பேசினார். கள்ளச்சாராயக்காரர்கள் மேல் சத்தமில்லாமல் பாய்வாராம், அதனால் அந்தப் பெயர். லண்டனில் பேசப் போய்க் கலவரத்தில் ஒரு கண்ணை இழந்தவர். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜாஜி 1929இல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் உதவி ஆசிரியர். பத்து இதழ்கள்தான் வந்தன. குடியைப் பற்றி மட்டுமே எழுதி ஒரு பத்திரிகையைப் பத்து மாதம் படிக்க வைத்திருக்கிறார்கள் என்றால், கல்கி இருந்ததால்தான் முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1937இல் ராஜாஜி பிரதமரானார். அப்போது மாகாண முதலமைச்சருக்கு அந்தப் பெயர்தான். அதே வருடம் அக்டோபர் 1 அன்று சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கு. பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என்று ஒவ்வொரு மாவட்டமாக. ஒரேயடியாக மூடாமல் மாவட்டம் மாவட்டமாகப் போனதற்குக் காரணம் பணம். ஒவ்வொரு மாவட்டம் மூடும்போதும் கஜானாவில் ஓர் ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டையை அடைக்க 1939இல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்குமான விற்பனை வரி இந்தியாவில் அதுவே முதல். 1935ஆம் வருடத்து இந்திய அரசுச் சட்டம், சரக்கு விற்பனை மேல் வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு வரியை எழுப்பி வேலை வாங்கியவர் ராஜாஜி. வருடத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்கிறவர்களுக்கு வரி இல்லை. 20,000 வரை விற்றால் மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் போனால் நூற்றுக்கு அரை ரூபாய். ஒரே சரக்கு நான்கு கை மாறினால் நான்கு முறை வரி. பல முனை வரி என்று எங்கள் துறையில் சொல்வோம்.

என் தாத்தாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்திக்கொட்டை, பிண்ணாக்குக் கடை. அவருடைய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான். 1941 தை மாதப் பக்கத்தில் பழைய எண் எழுத்தில் ஒரு பற்று இருக்கிறது. 'சேல்ஸ் டாக்ஸ் ரூ. 5–0–0.' அதற்கு நேர் மேலே இருக்கிற பற்று 'மகமை'.

மகமை என்றால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்து வியாபாரிகள் தாங்களாகவே விற்பனையில் ஒரு சிறு பங்கை உறவின்முறைக்கு, அதாவது தங்கள் சமூகச் சங்கத்துக்கு, ஒதுக்குவார்கள். கோயில், சத்திரம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் நடக்கும். விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியிலும் நடந்த பள்ளி. காமராஜர் படித்த பள்ளி. ஆகவே விற்றுமுதலில் ஒரு பங்கு கொடுப்பது என்பது இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. தாத்தா சேல்ஸ் டாக்ஸை மகமைக்குக் கீழே எழுதியதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மகமை கொடுத்தவனுக்கு அந்தப் பணம் எந்தச் சுவரில் செங்கலாக ஏறியது என்று தெரியும், கணக்குக் கேட்கலாம், சண்டை போடலாம். வரி கொடுத்தவனுக்கு அந்தச் செங்கல் தெரியாது. என் முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் கேட்ட கெட்ட வார்த்தைகளில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்துதான் வந்தது. மீதிப் பாதிக்கு நான் காரணமாக இருக்கலாம்.

வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் தயாரிக்கிற ஆந்திரப் பக்கத்து நிறுவனம் ஒன்று, பொட்டு பைடன்னா அண்ட் சன்ஸ், நீதிமன்றம் போனது. உற்பத்தி செய்தவனே விற்கும்போது போடுகிற வரி உண்மையில் உற்பத்தி வரிதான், அது மத்திய அரசின் அதிகாரம், மாகாணம் அதில் கை வைக்கலாமா என்பது கேள்வி. 1942இல் ஃபெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் துறைப் பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தரும் வழக்கு அது. மதுவிலக்கு என்ற சொல் அந்த வகுப்பில் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பிள்ளை எதற்காகப் பிறந்தான் என்பதை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள்.

1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரி சபை ராஜினாமா செய்தது. ஆட்சி கவர்னரின் ஆலோசகர்கள் கைக்குப் போனது. போர்ச் செலவைக் காட்டி அவர்கள் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். விற்பனை வரியை நிறுத்தவில்லை. அமெரிக்காவில் நடந்தது பத்து வருடத்தில் இங்கேயும் நடந்தது. கடை திரும்பியது, மாற்று வரியும் நிலைத்துவிட்டது.

போர் முடிந்து காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கு படிப்படியாகத் திரும்பி, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் அமலானது. அப்போது பிரதமர் ஓமந்தூரார். அடுத்த ஏப்ரலில் அந்த நாற்காலிக்கு வந்தவர் நம் ராஜபாளையத்துக்காரர், பூ. ச. குமாரசுவாமி ராஜா. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்ற நிலையை நடத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு மூன்று வருடம் அவர் தலையில் இருந்தது. காந்தி 1927லும் 1934லும் ராஜபாளையம் வந்தவர். அவருடைய சொல்லைக் கேட்டு வாழ்ந்தவர் இவர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசா கவர்னராக இருந்து, 1957இல் மறைந்தார். வீட்டைக் கொடுத்துவிட்டுத் தேர்தலில் தோற்ற முதலமைச்சர் ஒருவர் நம் ஊரில் இருந்தார் என்பதைப் பள்ளிக்கூடங்களில் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

ஆனால் அந்த மதுவிலக்கின் செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் பேச வேண்டும். ஏலத்தில் கடை எடுத்தவன் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டான். போக இடம் இல்லாதவன் பனையேறி. கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவில் இருப்பது கலயத்தில் தடவும் சுண்ணாம்பு ஒன்றுதான். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், சர்க்கார் நண்பன். இல்லாவிட்டால் கள், குற்றவாளி. மரத்தடியில் போலீஸ்காரர் நின்று கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, கொஞ்சம் உதவின. ஆனாலும் ஒரு தலைமுறை பனையேறிகள் மடியில் சுண்ணாம்பும் மனதில் பயமுமாகவே மரம் ஏறினார்கள். அமெரிக்காவில் இந்த இடத்தில் இருந்தவர்கள் பீர் வடித்துப் பிழைத்த ஜெர்மானியக் குடியேறிகள். முதல் உலகப்போர் சமயம் என்பதால் பீர் குடிப்பதையே தேசத் துரோகமாக்கினார்கள். சீர்திருத்தம் செய்கிறவன் முதலில் யார் தொழில் மேல் கை வைக்கிறான் என்று பார்த்தால், அவனுக்கு யாரைக் கண்டால் பயமில்லை என்பது தெரிந்துவிடும்.

1971 ஆகஸ்ட் 30 அன்று கருணாநிதி அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. தொண்ணூற்று இரண்டு வயது ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். பிறகு கடைகள் மூடின, திறந்தன, மறுபடி சில மூடின. 1983இல் மதுவை மொத்தமாக வாங்கி விற்க டாஸ்மாக் நிறுவனத்தை எம்.ஜி.ஆர் அரசு தொடங்கியது. 1987இல் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. கள்ளுக்கு அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. 2003 கடைசியில் ஜெயலலிதா அரசு சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது. பனை நம் மாநில மரம், அதிலிருந்து வடிவது குற்றம், ஆலையில் வடித்துப் பாட்டிலில் வந்தால் அரசாங்க வியாபாரம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

விற்பனை வரிக்கு என்ன ஆனது? 1959இல் புதுச் சட்டம் வந்தது, பல முனை பெரும்பாலும் ஒரு முனையானது. 2007 ஜனவரியில் அதற்கு மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், என்று பெயர் மாறியது. நான் புளியரைச் சோதனைச் சாவடியில் இருந்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காரரிடம் சீட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இதெல்லாம் சேலத்துக் கள்ளுக்கடைக்குப் பதிலாக வந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி வந்தது. சாவடிகளை எடுத்தார்கள். அரிசி, துணி, சிமெண்ட், நம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வரை எல்லாச் சரக்கும் ஜி.எஸ்.டிக்குள் போயிற்று.

வெளியே நின்றவை இரண்டு வகைதான். பெட்ரோல், டீசல் வகையறா ஒன்று. குடிக்கிற மது மற்றொன்று. அவற்றின் மேல் மட்டும் மாநிலத்தின் பழைய வாட் நீடிக்கிறது. அதாவது, 1939இல் மது வருமானம் இல்லாமல் மாகாணம் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த வரியின் வாரிசு, இன்று மதுவின் மேலும் பெட்ரோலின் மேலும் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. 2023–24இல் டாஸ்மாக் வழியாகத் தமிழ்நாட்டு அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஆயத்தீர்வை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. முக்கால் பங்குக்கு மேல் வாட். கள்ளை ஒழிக்க ராஜாஜி வைத்த ஆளே இன்று கல்லாவில் உட்கார்ந்து குவார்ட்டருக்குப் பில் போடுகிறான்.

இதைச் சொல்லிவிட்டு ராஜாஜியைப் பழித்துப் பேசினால் நான் நன்றிகெட்டவன். அவர் செய்தது நேர்மையான காரியம். கடையை மூடுகிறேன், அதற்கு இவ்வளவு நஷ்டம், அதை இந்த வரியில் எடுக்கிறேன், என்னைத் திட்டுங்கள் என்று சட்டசபையில் நின்றார். மதுவிலக்கு வேண்டாம் என்ற அம்பேத்கரும் அதே நேர்மையோடுதான் பேசினார். 1951இல் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கை, மதுவிலக்கைக் கைவிட்டு அந்த வருமானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. செலிக்மனிடம் படித்த கணக்கு. இவர்கள் இருவரில் எவரோடும் நீங்கள் சண்டை போடலாம். கணக்கு எங்கே என்று மட்டும் கேட்க முடியாது, இருவருமே காட்டிவிட்டார்கள்.

இப்போதைய மேடைகளில் அந்தக் கணக்குத் தாளைக் காணோம். மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் 2015இல் மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தின் மேல் ஏறிப் போராடி உயிரை விட்டபோது பல கட்சிகள் மதுவிலக்கு என்றன. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது மறுபடி எல்லோரும் பேசினார்கள். எந்தப் பேச்சிலும் அந்த 45,000 கோடி எந்த வரியிலிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை. சொல்வதும் இன்று கஷ்டம்தான். 1939இல் ஒரு மாகாணம் நினைத்தால் புது வரி ஒன்றை உண்டாக்க முடிந்தது. ஜி.எஸ்.டிக்குப் பிறகு வரி விகிதத்தை ஜி.எஸ்.டி கவுன்சில் முடிவு செய்கிறது. மாநிலத்தின் கையில் தனியாக மிச்சம் இருக்கிற பெரிய வரிகளில் ஒன்று மது. ராஜாஜிக்கு இருந்த வாசலை நாமே அடைத்துவிட்டோம். மதுவிலக்கு முன்பைவிட இப்போது கஷ்டமாகியிருப்பதற்குக் குடிப்பவர்களைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். என் நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஓய்வூதியர் சங்கத்தில் இது வாராவாரம் சண்டை.

நேரம் ஆகிறது, தாய்மார்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வேண்டுகோள்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வந்து மதுவிலக்கு கொண்டுவருவேன் என்று ஒருவர் கும்பிட்டால், அவரை உட்கார வைத்து மோர் கொடுங்கள். பிறகு பேப்பரும் பேனாவும் கொடுத்து, அந்தப் பணத்துக்கு எங்கே போவீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தவருக்கு ஓட்டுப் போடுங்கள், எந்தக் கட்சியானாலும் சரி.

இன்னொன்று, உங்கள் வீட்டுப் பரணில் 1939, 1940 காலத்துப் பேரேடோ நாள்வழிச் சிட்டையோ கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875 முதல் இருக்கிறது, பக்கத்தில்தான். அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள். முதல் சேல்ஸ் டாக்ஸ் பற்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சீட்டு வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. என் தாத்தாவின் பேரேட்டை நான் வருகிற திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.